ரத்தம் வந்தாலே மூலம் என்று அர்த்தம் இல்லை: புதுச்சேரியில் நாங்கள் பார்த்த குடல் அறுவை சிகிச்சைப் பிரிவு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலக்குடல் புற்றுநோய் வந்த என் பெரியம்மாவுக்காக நாங்கள் போன புதுச்சேரி தனியார் மருத்துவமனையின் பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு 5க்கு 4 கொடுப்பேன். மருத்துவருக்கும் நர்சுகளுக்கும் முழு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது பில் கவுண்டருக்காகவும் வார்டு கழிப்பறைக்காகவும். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே குறைகளும் எழுதியிருக்கிறேன், பெரியம்மா இன்னும் அங்கேதான் பரிசோதனைக்குப் போய்வருகிறார். எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த நோய்க்கு எதைப் பார்த்து இடத்தை எடை போடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும், அதனால்தான் இவ்வளவு நீளம்.

பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடலூர் திருப்பாப்புலியூர் பக்கம் இட்லிக் கடை. மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது அவர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம் சொன்னபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: மூலம், சூடு, காரத்தைக் குறை, துத்திக்கீரை சாப்பிடு. கடலூர் பேருந்து நிலையச் சுவரிலிருந்து கிராமத்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ‘மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அப்படி ஒரு இடத்துக்கும் போனார். ஊசி போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள், பத்தியம் எழுதிக் கொடுத்தார்கள். இடையில் ஒரு கிளினிக்கிலும் மாத்திரை வாங்கினார். இத்தனை பேரில் ஒருவர்கூட அவரைப் படுக்கச் சொல்லி அந்த இடத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குள் வேறு அறிகுறிகளும் வந்துவிட்டன. போய்விட்டு வந்த பத்து நிமிடத்தில் மறுபடி போக வேண்டும் போல இருக்கும், போனால் சளி மாதிரி கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மலம் மெலிந்து வரும். உடம்பு இளைத்தது, மாவாட்டும் கிரைண்டர் பக்கத்தில் நின்றாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8க்கும் கீழே. அதைப் பார்த்துத்தான் அம்மா பிடிவாதமாக அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார், நானும் கூடப் போனேன்.

அங்கே முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். டோக்கன் வாங்கி நெடுநேரம் காத்திருந்தோம், அது தனிக்கதை. உள்ளே போனதும் மருத்துவர் ரிப்போர்ட்டை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். ரத்தம் சிவப்பாகப் போகிறதா, கருப்பாகவா? மலத்தோடு கலந்து வருகிறதா, கடைசியில் சொட்டுகிறதா? வலி இருக்கிறதா? ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா? வலி இல்லை என்று பெரியம்மா சொன்னதும், “வலி இல்லைன்னா நல்லதுன்னு நினைச்சுக்காதீங்கம்மா, மலக்குடல் உள்பக்கம் வலி தெரியாத இடம்” என்றார். ஆசனவாய்க்குள் ஒரு எல்லைக்கோடு மாதிரி இருக்கிறதாம், அதற்குக் கீழே சின்ன வெடிப்பு வந்தாலும் வலியில் உயிர் போகும், அதற்கு மேலே கட்டியே வளர்ந்தாலும் தெரியாது. அப்புறம் பெண் நர்ஸ் ஒருவர் திரையை இழுத்துவிட்டு, பெரியம்மாவை இடப்பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லி, மேலே துணி போர்த்தி, தேவையான அளவு மட்டும் விலக்கினார். மருத்துவர் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார். கையுறை, ஜெல், ஒரு விரல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி விரலில் தட்டுப்பட்டது. மலக்குடல் மொத்தமே 12 முதல் 15 சென்டிமீட்டர்தான், அதில் பாதி விரல் எட்டும் தூரம். அத்தனை மாதம் களிம்பு போட்டது இதற்கு மேல்தான்.

அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: ரத்தம் போகிறது என்று சொன்ன பிறகும் விரல் வைத்துப் பார்க்காமல், புரோக்டோஸ்கோப் குழாய் வைத்துப் பார்க்காமல் மூலம் என்று மருந்து எழுதுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெண் நர்ஸ் கூட இருப்பாரா, திரை இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். நம் பெண்கள் இந்த நோயை வருடக்கணக்கில் மறைப்பது வெட்கத்தால்தான், அந்த வெட்கத்தை மதித்து நடத்தும் இடமாக இருந்தால் அடுத்த முறையும் தயங்காமல் வருவார்கள்.

அடுத்தது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. கீழே கட்டி தெரிந்துவிட்டதே, இது எதற்கு என்று நானே கேட்டேன். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு இடத்தில் கட்டி இருந்தால் மேலே இன்னொன்று இருக்கலாம், முழுக்கப் பார்க்காமல் அறுவைக்குப் போகக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரியாகவே போயிற்று, மேலே இடப்பக்கம் ஒரு சின்ன பாலிப் இருந்தது, அதே நேரத்தில் கம்பி வளையத்தைப் போட்டு எடுத்துவிட்டார்கள். பாலிப் என்றால் உள்சுவரில் முளைக்கும் சதை. எல்லாமே புற்றாக மாறுவதில்லை, ஆனால் புற்றாக மாறுவது பெரும்பாலும் பத்து வருடம் போல எடுத்து மெதுவாக மாறுகிறது, அதற்குள் பார்த்து எடுத்துவிட்டால் அந்தப் புற்றே வராது. அமெரிக்காவில் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

கொலோனோஸ்கோபி வலிக்கவில்லை, மயக்க ஊசியில் தூங்கி எழுந்துவிட்டார். கஷ்டமெல்லாம் முந்தின நாள்தான். இரண்டு நாள் முன்னாடியிலிருந்தே கீரை, கத்தரிக்காய், தக்காளி, கொய்யா, எள் எதுவும் கூடாது, விதைகளும் நாரும் குடலில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, வடிகட்டிய ரசம் சரி. முந்தின நாள் மதியத்துக்கு மேல் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ. சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கருப்பாக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம் அந்தப் பேதி மருந்துத் தூள், தண்ணீரில் கலக்கினால் உப்புக் கரிக்கும், பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலையிலும் குடிக்க வேண்டும். குளிர வைத்து எலுமிச்சை பிழிந்தால் ஓரளவு இறங்குகிறது.

கடலூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். விடியற்காலையில் அந்த மருந்தைக் குடித்துவிட்டுக் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாக வரும் பேருந்தில் ஏறவே முடியாது. முந்தின நாளே மருத்துவமனையில் படுக்கை கேளுங்கள், இல்லையென்றால் புதுச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். நாங்கள் கேட்டதும் படுக்கை கொடுத்தார்கள். ஆனால் மூன்று நோயாளிகளுக்கு ஒரே கழிப்பறை, அதில் இரண்டு பேர் மறுநாள் கொலோனோஸ்கோபிக்கு வந்தவர்கள். இதை வயதானவர்களுக்குச் செய்கிற கொடுமை என்றே சொல்வேன். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை.

ரிப்போர்ட்டில் எனக்குப் பிடித்தது, சிறுகுடல் வந்து சேரும், பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரைக்கும் போனோம் என்று எழுதி, அதற்குச் சாட்சியாகக் குடல்வால் துவாரத்தின் படத்தையும் வைத்திருந்தார்கள். இது முக்கியம், பாதியில் திரும்பியிருந்தால் அது முழு கொலோனோஸ்கோபி இல்லை. கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த பயாப்சி முடிவு புற்றுநோய் என்று வந்தது. பெரியம்மாவிடம் மறைத்துவிடலாம் என்று வீட்டில் ஆண்கள் சொன்னார்கள். மருத்துவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவரையே உட்கார வைத்து, பயப்படுத்தாமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, கடையை எத்தனை நாள் மூட வேண்டும் என்பது.

உடனே வயிற்றைத் திறந்துவிடவில்லை, அதையும் பாராட்ட வேண்டும். இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி, ரத்தத்தில் சிஇஏ என்கிற புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனை. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது, நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான். கட்டி அந்த உறையின் ஓரத்துக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்பதை எம்ஆர்ஐதான் காட்டும். மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். 1908இல் மைல்ஸ் என்கிற இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஆசனவாயோடு சேர்த்து மலக்குடலை எடுக்கும் முறையை எழுதினாராம், அதன் பிறகு ரொம்ப காலத்துக்குக் கீழ்ப்பகுதியில் கட்டி என்றால் மலம் போக வயிற்றில் நிரந்தரமாகப் பைதான். 1982இல் ஹீல்ட் என்கிற இன்னொரு இங்கிலாந்து மருத்துவர், அந்தக் கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். இன்றைக்கு நல்ல இடங்களில் செய்வது அந்த முறைதான். ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை ஸ்டேப்ளரால் இணைப்பதும் பலருக்கு முடிகிறது. உங்கள் மருத்துவர் இப்படிப் படம் போட்டு விளக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பெரியம்மாவின் கட்டி ஓரத்துக்குக் கிட்டே இருந்ததால் முதலில் ரேடியேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வாரத்துக்கு மேல், கூடவே கீமோ மாத்திரை. இந்த மருத்துவமனையில் ரேடியேஷன் வசதி இல்லை, வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். தங்களிடம் இல்லாததைத் தள்ளிப்போடாமல், அதைச் செய்யாமலே அறுத்தும் விடாமல், வெளியே அனுப்பியதை நான் பெரிதாக நினைக்கிறேன். முடிந்து சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள், கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது.

அறுவைக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் வந்தார். இணைத்த இடம் ஆறும் வரைக்கும் மலம் அந்த வழியாகப் போகக் கூடாது, அதனால் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்துப் பை மாட்டுவார்கள், தற்காலிகமாக. அந்த வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர். அந்த இடத்தைக் குறிக்கத்தான் வந்தார். படுத்திருக்கும்போது பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். “அம்மா, வீட்டுல கட்டுற மாதிரியே புடவை கட்டிட்டு நில்லுங்க” என்றார். நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், மாவு அள்ளுவது போலக் கையை நீட்டச் சொன்னார். உட்காரும்போது வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது, பாவாடை நாடா எங்கே இறுக்குகிறது என்று பார்த்துப் பார்த்து, நாடாவுக்குக் கீழே, மடிப்பில் விழாமல், பெரியம்மா தலையைக் குனிந்தால் அவர் கண்ணுக்குத் தெரிகிற இடமாக வட்டம் போட்டார். மடிப்பில் வைத்தால் பை ஒட்டாது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தால் பை இருக்கும் வரைக்கும் இன்னொருவர் மாற்றிவிட வேண்டும். அப்புறம் ஒரு வெறும் பையை அங்கே ஒட்டிவிட்டு, ராத்திரி இதோடு தூங்கிப் பாருங்கள் என்றார். அரை மணி நேர வேலை. இதற்குத் தனியாக பில்லில் ஒன்றும் இல்லை. இந்த மொத்த சிகிச்சையில் யாருக்காவது மாலை போட வேண்டும் என்றால் நான் அந்த சிஸ்டருக்குத்தான் போடுவேன்.

அறுவை லேப்ராஸ்கோப்பில், அதாவது சின்னத் துளைகள் வழியாக நடந்தது, காலையில் உள்ளே போனவர் வெளியே வர மாலையாகிவிட்டது. இடையில் இரண்டு முறை ஒருவர் வந்து நிலவரம் சொன்னார். மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்தார்கள், அதற்கு அடுத்து நடக்க வைத்தார்கள், மூச்சு இழுத்து மூன்று பந்தைத் தூக்கும் பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பழைய காலம் மாதிரி நாள் கணக்கில் பட்டினி போடவில்லை, தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல், வயிற்றுவலி, நாடித்துடிப்பு கூடுவது இதையெல்லாம் விடாமல் பார்த்தார்கள், இணைப்பில் கசிவு வந்தால் அப்படித்தான் தெரியுமாம். எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் ஓரங்களில் நோய் இல்லை, பார்த்த 14 நிணநீர்க் கணுக்களிலும் நோய் இல்லை. குறைந்தது 12 கணுக்களாவது பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் கடினமான பகுதி. அது சித்திரை, வைகாசி நேரம், கடலூர் வெயில், வியர்வையில் ஒட்டு விட்டுவிடும். சிஸ்டரை வாட்ஸ்அப்பில் கேட்டோம். தோலைச் சோப்பு இல்லாமல் கழுவி நன்றாக உலர்த்தி, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்டி, ஒட்டிய பிறகு உள்ளங்கைச் சூட்டில் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார், அதன் பிறகு மூன்று நாள் நான்கு நாள் நின்றது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், கனம் இழுத்தால் ஒட்டு பிய்யும். ஸ்டோமா ஈரமாகச் சிவப்பாக, உதட்டின் உள்பக்கம் போல இருக்க வேண்டும், கருத்தால் உடனே ஓட வேண்டும். சிறுகுடலிலிருந்து வருவதால் தண்ணீராகத்தான் போகும், உப்பும் நீரும் சேர்ந்து போய்விடும், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் போதாது, ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, மோர் வேண்டும். பண்ருட்டி பலாவும் முந்திரியும் வீட்டுக்கு வரும் காலம் அது. பலாச் சுளை, தேங்காய்ச் சில்லு, சோளம் எல்லாம் ஸ்டோமா வாயில் அடைத்துக்கொள்ளும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அந்த வருடம் பெரியம்மா பலாவைத் தொடவில்லை. கடைக்கு மட்டும் போய் உட்கார ஆரம்பித்துவிட்டார், புடவைக்குள் பை இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து, சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, இணைப்பு ஆறிவிட்டது என்று பார்த்துவிட்டு ஸ்டோமாவை மூடினார்கள். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மலம் தேங்கும் இடமே குறைந்துவிட்டது, அதனால் ஒரு நாளைக்குப் பல முறை, அடக்க முடியாத அவசரம். இதை அறுவைக்கு முன்பே அவர்கள் சொல்லியிருந்தார்கள், ஆசனவாய்த் தசைக்குப் பயிற்சியும் மாத்திரையும் கொடுத்தார்கள், மாதங்கள் போகப் போகக் குறைந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அறுவை தோற்றுவிட்டது என்றே பெரியம்மா நினைத்திருப்பார்.

சரி, குறைகள். பில் கவுண்டரில் மதிப்பீடாகச் சொன்ன தொகைக்கும் கடைசியில் வந்த தொகைக்கும் பெரிய வித்தியாசம், ஸ்டேப்ளரின் விலையை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். முன்பதிவு நேரம் என்பது பெயருக்குத்தான். காப்பீட்டு மேசையில் ஒரே ஆள், மதியம் அவரும் இருக்க மாட்டார். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, ஆனால் நீங்கள் போகும் மருத்துவமனையில், அதுவும் புதுச்சேரிப் பக்கம், உங்கள் அட்டை செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாது என்றால் கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, குடல் அறுவைக்குத் தனித் துறையும் புற்றுநோய்க்கு மண்டல மையமும் ஒரே வளாகத்தில். கூட்டத்துக்குப் பயந்து அதை ஒதுக்காதீர்கள்.

இதே மருத்துவரிடம் என் சித்தப்பா மகனும் பௌத்திரத்துக்கு, அதாவது ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ் வடியும் புரைக்குப் போனான். அவனும் போஸ்டர் வைத்தியம் பார்த்து இரண்டாம் முறை சீழ் கட்டியவன்தான். எம்ஆர்ஐ எடுத்துப் புரை எந்த வழியாகப் போகிறது, மலத்தை அடக்கும் தசையை எவ்வளவு துளைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரேயடியாகக் கீறாமல் முதலில் நூல் போட்டுச் சீழை வடியவிட்டார்கள். அவசரப்பட்டு வெட்டினால் தசை போய்விடும், மலத்தை அடக்க முடியாமல் வாழ்நாள் முழுக்கக் கஷ்டப்பட வேண்டும் என்று சொல்லிப் புரியவைத்தார்கள். அவனுக்கு நேரம் பிடித்தது, இப்போது நன்றாக இருக்கிறான். நிஜமாகவே மூலம் உள்ளவர்களும் அங்கே நிறையப் பேர். பலருக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் முக்காமல் போகும் பழக்கமுமே போதும் என்றும், கொஞ்சம் கூடியிருந்தால் ரப்பர் வளையம் போடலாம் என்றும் சொல்லி அனுப்புவதை வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வந்தவர்களை எல்லாம் ஆபரேஷனுக்கு எழுதும் இடம் இல்லை.

பெரியம்மாவுக்கு இப்போது சில மாதங்களுக்கு ஒரு முறை சிஇஏ, ஒரு வருடம் ஆனதும் மறுபடி கொலோனோஸ்கோபி. கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் என் அம்மாவும் போன மாதம் அங்கேயே செய்துகொண்டார். அம்மாவுக்கும் ஒரு சின்ன பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள், பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இந்த முறை தனிக் கழிப்பறை உள்ள அறையாகக் கேட்டு வாங்கினோம், வாடகை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதைத்தான் எடுங்கள்.